பதினெட்டாம் நம்பர் துப்பாக்கி

நீங்களும் இடது பக்கத் துப்பாக்கியைத்தான் பார்க்கறீங்க. பரவாயில்ல சார், எல்லாரும் அதைத்தான் பார்க்கறாங்க. வலது பக்கமும் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் பாருங்க. கறுகறுன்னு எப்படி மின்னுது! குழல்ல உங்க முகமே தெரியும். அது நான் சரிபண்ணினது. இடது பக்கம் பழுப்பா, காய்ச்சல்ல எழுந்து வந்தது மாதிரி நிக்குதே, அது சிங்காரவேலு பண்ணினது. பண்ணினான்னு என்ன, துடைச்சான். மூணு மாசம் துடைச்சான்.

எனக்கு அவன் மேல பொறாமை எல்லாம் கிடையாது. முதல்லயே சொல்லிடறேன். வாசல்ல டிக்கெட் கிழிக்கிற அம்மா அப்படி ஒரு நினைப்புல இருக்கு. நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து இங்க நிக்கிறதைப் பார்த்துட்டு, "என்ன சார், இன்னிக்கும் காவலா?"ன்னு கேக்குது. வர்றவங்களுக்கு விஷயம் தெரியணும்னு நிக்கிறேன். வேற என்ன?

என் பேரு பிலவேந்திரன். ஆயுதப்படையில ஆர்மரரா இருந்தேன். போலீஸ்காரங்க துப்பாக்கியை எல்லாம் பழுது பார்க்கிற வேலை. முப்பத்திரண்டு வருஷம். சிங்காரவேலுவும் அதே வேலை, அதே பேட்ச், அதே பட்டறை, எதிரெதிர் மேஜை. பயிற்சியில கண்ணைக் கட்டிக்கிட்டு துப்பாக்கியைக் கழட்டி மாட்டுற பரீட்சை வைப்பாங்க. நான் முதல்ல முடிச்சேன். அவன் கடைசிக்கு முந்தி. ஆனா வாத்தியார் என்ன சொன்னார் தெரியுமா? "சிங்காரவேலு மாட்டினதுல ஒரு திருகுல கூடக் கீறல் படல, பார்த்துக்கங்கப்பா"ன்னார். பரீட்சை வேகத்துக்கா, கீறலுக்கா? நான் கேட்கல. கேட்டா பொறாமைம்பாங்க.

ரெண்டு பேரும் ஒரே வருஷம் ரிடையர் ஆனோம். போன வருஷம் இந்தப் பழைய ஆயுதக் கிடங்கை மியூசியமா மாத்தறதுன்னு முடிவாச்சு. சுண்ணாம்பு சுரண்டும்போது சுவருக்குள்ள ஒரு அலமாரி. திறந்தா, கோணிச் சாக்குல சுத்தி, மேல கிரீஸ் பூசி, அது கல்லா இறுகிப்போய், பதினோரு துப்பாக்கி. ஒன்பது உளுத்துப் போச்சு. ரெண்டு தேறும்னு பட்டுது. ரெண்டும் மார்ட்டினி கார்பைன். கார்பைன்னா நீட்டுத் துப்பாக்கிக்குத் தம்பி. குதிரையில போறவன் வச்சுக்கறதுக்காகக் குட்டையா செஞ்சது. அடியில ஒரு நெம்புகோல் இருக்கு பாருங்க, அதைக் கீழே தள்ளினா வாய் திறக்கும், ஒரு தோட்டா போடலாம். ஒண்ணே ஒண்ணுதான். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குப் புது மாடல் வந்ததும் இந்தப் பழசை எல்லாம் போலீஸுக்குத் தள்ளி விட்டாங்க. ரெண்டுலயும் பின்கட்டையில நம்பர் அடிச்சிருந்துச்சு. பதினேழு, பதினெட்டு. அண்ணன் தம்பி மாதிரி.

மியூசியத்துக்குப் பொறுப்பு செண்பகவல்லி மேடம். எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு விட்டாங்க. சுடுற ஊசியைக் கழட்டித் தன்கிட்ட வாங்கி வச்சுக்கிட்டு, "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. எது நல்லா வருதோ அதை நடு ஹால்ல கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம்"னாங்க.

சிங்காரவேலு, "பிலவேந்திரா, நீ முதல்ல எடுத்துக்க"ன்னான்.

அதுலயே பாருங்க எவ்வளவு தந்திரம். எல்லார் முன்னாலயும் நல்ல பேரு வாங்கிக்கிட்டான். நான் பதினெட்டை எடுத்தேன். அதுலதான் துரு கம்மி.

பத்தொன்பது நாள் சார். பத்தொன்பதே நாள்ல முடிச்சேன். குழலுக்கு ஆசிட் கொடுத்து, மோட்டார் சக்கரத்துல பிடிச்சு, கறுப்பு ஏத்தினேன். கட்டை பூரா வடு, எண்ணெய் அழுக்கு, கீறல். எண்பதாம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் இருநூத்தி இருபது. குழலுக்குக் கீழே இருக்கிற அடிக்கட்டையில ஒரு இடத்துல கோணல்மாணலா என்னமோ கீறி வச்சிருந்தான் எவனோ. நாலு தள்ளு தள்ளினேன், போயே போச்சு. பின்கட்டை முடிவுல ஒரு இரும்புத் தகடு உண்டு, தோள்ல வச்சு அழுத்தற இடம். அதோட திருகு ரெண்டும் துருவேறிப் பிடிச்சுக்கிச்சு. கழட்ட ஆரம்பிச்சா ஒரு வாரம் ஆகும். எதுக்கு? தகடோட சேர்த்தே பாலிஷ் போட்டுட்டேன். உள்ளே என்ன இருக்கப் போகுது, மரம்தானே.

அவன் மேஜையில பார்த்தா அழுகையா வரும். ஒரு பழைய செப்புக் காசு வச்சுக்கிட்டு துருவைச் சுரண்டிக்கிட்டிருப்பான். கேட்டா, "செம்பு இரும்பை விட மெத்து, இரும்பைக் கீறாதுடா"ன்னுவான். மூங்கில் சிம்பு, பழைய பல் விளக்குற பிரஷ், கொஞ்சம் எண்ணெய். கட்டையை ஒரு நாளைக்கு நாலு விரல் அகலம் துடைப்பான். அதுக்கு மேல துடைக்க மாட்டான். அந்தத் தகட்டுத் திருகுக்கு மட்டும் எட்டு நாள் சொட்டுச் சொட்டா எண்ணெய் விட்டான்.

ரெண்டாவது மாசம் ஒரு மத்தியானம் கூப்பிட்டான். "பிலவேந்திரா, இங்க கொஞ்சம் வாயேன். இதுல என்னமோ எழுதியிருக்கு."

"கீறலா இருக்கும்டா."

டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிச்சான். பழைய எழுத்து. கத்தி முனையால செதுக்கினது. 'சந்தனம்'னு இருந்துச்சு. அடிக்கட்டையில.

ஆமா சார். அதே இடம்தான். என்னோடதுல கோணல்மாணலா இருந்துச்சுன்னேனே, அந்த இடம். நான் அதை அவன்கிட்ட சொல்லல. எதுக்குச் சொல்லணும்? அவன் கேட்கல, நான் சொல்லல.

மேடம் பழைய ஆள் பட்டியலைத் தேடி எடுத்தாங்க. ரிசர்வ் போலீஸ்ல சந்தனம்னு ஒரே ஒரு கான்ஸ்டபிள். ஊரு மணப்பாறைப் பக்கம். அவ்வளவுதான், பதினேழாம் நம்பர் நடு ஹாலுக்குப் போச்சு. என்னோடதை மேடம் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ரொம்பப் புதுசா இருக்கு சார்"னாங்க. நான் பாராட்டுன்னு நினைச்சு ஒரு வணக்கம் கூடப் போட்டேன். சாயந்திரம் பார்த்தா அதைப் பின்னாடி ரூம்ல பக்கெட்டு, துடைப்பத்துக்குப் பக்கத்துல சாத்தி வச்சிருக்கு.

பேப்பர்ல செய்தி வந்துச்சு. வந்த நாலாம் நாள் ஒரு அம்மா வந்தாங்க. பொன்னுத்தாயின்னு பேரு. அறுபத்தஞ்சு வயசிருக்கும். சந்தனத்தோட மகன் வயித்துப் பேத்தி. மூணு பஸ் மாறி வந்திருக்காங்க. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால போய் நின்னாங்க. அப்புறம், "எங்க வீட்ல அவரு போட்டோ ஒண்ணு கூடக் கிடையாதுங்க. இது அவரு கையால எழுதினதுங்களா?"ன்னு கேட்டாங்க. மேடம் பெட்டியைத் திறந்து விட்டாங்க. அந்த அம்மா எழுத்து மேல விரலை வச்சு ஒவ்வொண்ணா தடவிக்கிட்டே அழுதாங்க. அப்புறம் சிங்காரவேலு ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

அடுத்த நாள் பேப்பர்ல அந்தப் படம். சிங்காரவேலு, அந்த அம்மா, துப்பாக்கி. ஓரத்துல ஒரு முழங்கை தெரியும். அது நான்.

எனக்கு ஒண்ணு மட்டும் புரியல சார். என்னோடது அப்படி மின்னுது. அதைப் பார்த்து ஏன் யாரும் அழல? வேலை எதுல ஜாஸ்தி? வீட்ல தட்டைத் தள்ளி வச்சேன். எங்க வீட்டுக்காரி ஃபிலோமினா, "அவரு பேப்பர்ல வந்தா உங்களுக்கு என்னங்க?"ன்னா. "எனக்கு ஒண்ணும் இல்லடி"ன்னேன். "ஒண்ணும் இல்லன்னா ஏன் அந்தப் பேப்பரை மடிச்சு பைபிளுக்கு அடியில வச்சிருக்கீங்க?"ன்னா. இவளுக்கு எல்லாம் கண்ணுல படும்.

அந்தச் சமயத்துலதான் மேடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்துச்சு. யார் போட்டதுன்னு கேட்காதீங்க. 'அம்மா, பதினேழாம் நம்பர் துப்பாக்கியில் உள்ள பெயர் பழைய காலத்தில் எழுதியது அல்ல, சிங்காரவேலு என்பவர் புகழுக்கு ஆசைப்பட்டு உளியால் தானே செதுக்கியது, ஒரு ஏழைப் பெண்மணியை ஏமாற்றியது பாவம், தகுந்த விசாரணை செய்யவும், இப்படிக்கு உண்மை விளம்பி.' இவ்வளவுதான் இருந்துச்சு. ஒரு வரி கூடவும் இல்ல, குறைச்சலும் இல்ல. அப்படி ஒரு சந்தேகம் வர்றது நியாயம்தானே சார்? அத்தனை வருஷம் யார் கண்ணுலயும் படாத எழுத்து இவன் கண்ணுல மட்டும் எப்படிப் பட்டுது?

மேடம் லேசுல விடல. ஏமாத்து வேலைன்னு ஆகிட்டா மியூசியத்துக்கே கெட்ட பேராச்சே. சென்னையிலேர்ந்து ஒரு நிபுணரை வரவழைச்சாங்க. பழைய ஆயுதம் மட்டுமே பார்க்கிற மனுஷன். நெத்தியில விளக்கு, கையில பூதக்கண்ணாடி. எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுக்கிட்டு பதினேழாம் நம்பரை முக்கால் மணி நேரம் பார்த்தார். அப்புறம், "செதுக்கின பள்ளத்துல அழுக்கு இல்லையே, சுத்தமா எடுத்துட்டாரே. அழுக்கு இருந்தா வயசு சொல்லலாம். இப்ப உறுதியா சொல்ல முடியல"ன்னார்.

சிங்காரவேலு முகம் வெளுத்துப் போச்சு. சத்தியமா சொல்றேன், அந்த முகத்தை நான் முப்பத்தஞ்சு வருஷத்துல பார்த்ததில்ல. எனக்கு உள்ளுக்குள்ள ஜில்லுன்னு இருந்துச்சு. அடுத்த நிமிஷமே ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். உள்ளே காத்தே இல்ல, அதான்.

நிபுணர் கேட்டார், "இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

மேடம் பின்னாடி ரூம்லேர்ந்து பதினெட்டை எடுத்துக்கிட்டு வரச் சொன்னாங்க. என்னோடது! நான் நிமிர்ந்து நின்னேன். இப்பவாவது ஒரு விவரம் தெரிஞ்ச மனுஷன் பார்க்கப் போறாரேன்னு.

அவர் அதைக் கையில வாங்கினார். கட்டையைத் தடவினார். பெருமூச்சு விட்டார். "இதுக்கு உப்புத்தாள் போட்டது யாரு?"ன்னு கேட்டார். அந்தக் குரல்லயே தெரிஞ்சு போச்சு, இது பாராட்டு இல்லைன்னு.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சிங்காரவேலு சொல்றான், "நாங்க ரெண்டு பேரும்தான் சார். சேர்ந்துதான் செஞ்சோம்."

பார்த்தீங்களா! பத்தொன்பது நாள் என் உழைப்பு. அதுல ஒரு நாள் கூட அவன் கை பட்டது கிடையாது. நோகாம பாதிப் பங்குக்கு வந்துட்டான். எனக்கு அப்படியே கொதிச்சுது. ஆனா அந்த நேரத்துல, 'இல்ல சார், நான் மட்டும்தான்'னு சொல்றதுக்கும் நாக்கு எழும்பல. ஏன்னு தெரியல.

நிபுணர் அந்தத் தோள் தகட்டைப் பார்த்தார். "இதைக் கழட்டவே இல்ல போலிருக்கே"ன்னார், முகம் மாறிச்சு. அன்னிக்குப் பூரா திருகுக்கு எண்ணெய் விட்டு, சூடு காட்டி, மறுநாள் பத்து மணிக்கு எங்க எல்லார் முன்னாலயும் தகட்டைக் கழட்டினார். உள்ளே மரம் அப்படியே இருந்துச்சு. உப்புத்தாள் படல, பாலிஷ் படல, நூறு வருஷத்து எண்ணெயும் மண்ணும் அடை மாதிரி. விளக்கைக் கிட்டக் கொண்டுபோனார். எழுத்து. எட்டு வருஷமா பத்து வருஷமா, எத்தனை தலைமுறையா இருட்டுல இருந்த எழுத்து. நிபுணரே எழுத்துக்கூட்டிப் படிச்சார்.

'சந்தனம். வலது பக்கம் இழுக்குது.'

அதே கை. அதே மாதிரி 'ந்' சாய்ஞ்சு நிக்குது. ரெண்டு துப்பாக்கியும் ஒவ்வொரு சமயம் அந்த ஆள் கையில இருந்திருக்கு. இந்தப் பதினெட்டு, குறி வச்சா வலது பக்கமா போயிருக்கு. மேல அதிகாரிகிட்ட வாயால சொன்னா, உனக்குச் சுடத் தெரியலன்னு மண்டையில தட்டியிருப்பாங்க. தகட்டைக் கழட்டறவன் யாரு? ஆர்மரர்தான். அவன் கண்ணுல மட்டும் படட்டும்னு உள்ளே எழுதி மூடியிருக்கான் மனுஷன். என்னை மாதிரி ஒருத்தனுக்கு எழுதினது சார் அது. எனக்கே எழுதினதுன்னு கூட வச்சுக்கலாம்.

நான் கழட்டல.

அத்தோட சிங்காரவேலு மேல இருந்த பழி போச்சு. துருப்பிடிச்சு இறுகின தகட்டுக்குள்ள போய் எவனும் திருட்டு எழுத்து எழுத முடியாதுன்னு நிபுணர் எழுதிக் கொடுத்துட்டார். வெளியில வந்ததும் மேடம் என்கிட்ட சொன்னாங்க, "சார், நீங்க அவசரப்பட்டது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. அந்தத் தகட்டை மட்டும் கழட்டித் தேய்ச்சிருந்தீங்கன்னா உங்க ஃபிரெண்டு இன்னிக்கு மாட்டிக்கிட்டிருப்பார்." இதுக்கு நான் சந்தோஷப்படணுமா, வருத்தப்படணுமா, நீங்களே சொல்லுங்க.

இப்ப ரெண்டும் ஜோடியா வந்தாச்சு. பொன்னுத்தாயி அம்மாவை மறுபடி வரவழைச்சாங்க. அந்தத் தகட்டைக் கழட்டியே வச்சிருக்காங்க பாருங்க, எழுத்து தெரியணும்னு. அட்டையைப் படிச்சீங்களா? 'சீரமைப்பு: சிங்காரவேலு, பிலவேந்திரன்.' ரெண்டு துப்பாக்கிக்கும் அதே அட்டை. ஏன் அவன் பேரு முதல்லன்னு மேடத்துக்கிட்ட கேட்டேன். "அகர வரிசை சார். 'சி'க்கு அப்புறம்தானே 'பி' வரும்"னாங்க. எழுத்து கூட அவனுக்குச் சாதகமா இருக்கு.

ஆனா அதெல்லாம் கூட நான் பொறுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் நடந்ததைத்தான் என்னால செமிக்க முடியல.

விசாரணை முடிஞ்ச வாரம். மியூசியம் வாசல் டீக்கடையில ரெண்டு பேரும் நிக்கறோம். சிங்காரவேலுவுக்கு இப்பல்லாம் கை நடுங்குது, கிளாஸை ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் குடிப்பான். நான் பேச்சுக்கு, "அந்தக் கடுதாசி எழுதினவன் எவனா இருக்கும்டா?"ன்னேன். சும்மாதான் கேட்டேன். கேட்காம இருந்தாத்தான் சந்தேகம் வரும்.

அவன் டீயை ஊதிக்கிட்டே சொன்னான், "விசாரணைக்கு முன்னாடியே மேடம் அதை என்கிட்ட காட்டினாங்க. கையெழுத்து தெரியுதான்னு கேட்டாங்க. தெரியலன்னுட்டேன்."

"ஓ."

"பிலவேந்திரா, இடது கையால எழுதினா உனக்கு இன்னும் 'ழ' வளைய மாட்டேங்குதுடா."

அவ்வளவுதான் சொன்னான். மறுபடி டீயை ஊதினான்.

தொண்ணூத்தி நாலுல எனக்கு வலது கை முறிஞ்சு போச்சு சார். லாரியிலேர்ந்து பெட்டி இறக்கும்போது. லீவு கிடையாது. மூணு மாசம் ஆயுதப் பதிவேட்டை இடது கையால எழுதினேன். கிறுக்கல். ராத்திரிக்குள்ள பெரிய அதிகாரிக்குப் போகணும். பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தா பார்த்துத் திருத்திக் கொடுத்தது சிங்காரவேலுதான். நான் அதை மறந்தே போயிட்டேன். அவன் மறக்கல.

அப்ப என்ன அர்த்தம்? நிபுணர் வந்த அன்னிக்கு, முகம் வெளுத்து நின்னானே, அப்பவே அவனுக்குத் தெரியும், எழுதினது நான்தான்னு. தெரிஞ்சுக்கிட்டே, "நாங்க ரெண்டு பேரும்தான் சார்"னு சொன்னான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்த வாசப்படி மிதிக்க முடியுமா? என்னைத் திட்டலாம். சட்டையைப் பிடிச்சு ஒரு அறை விடலாம். விட்டிருந்தா கணக்கு நேராயிருக்கும், நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். அவன் அதுக்கும் வழி விடலையே சார். டீக்கடைக்காரர்கிட்ட, "இவருக்குச் சர்க்கரை கம்மியா இன்னொண்ணு போடுங்க"ன்னான். எனக்குச் சர்க்கரை இருக்குன்னு என் மகனுக்கே தெரியாது.

அப்புறம் சொல்றான், "பக்கத்து மாவட்டத்துலேர்ந்து கேப்பு வச்சுச் சுடற அந்தக் காலத்துத் துப்பாக்கி ஒண்ணு வந்திருக்கு. உள்ளே ஸ்பிரிங் ரொம்ப முறுக்கா இருக்கு. என் கைக்கு அடங்காது. நீ அழுத்திப் பிடிச்சாத்தான் கழட்ட முடியும். செவ்வாய்க்கிழமை வர்றியா?"

வந்தேன். வராம என்ன பண்றது? அவன் தனியா கழட்டி, ஸ்பிரிங் தெறிச்சுக் கண்ணுல பட்டா? அதுக்காக வந்தேன். வேற ஒண்ணும் இல்ல. இப்ப வாரத்துல மூணு நாள் வர்றேன். எதிரெதிர் மேஜை இல்ல, ஒரே மேஜை. நான் உப்புத்தாளை எடுத்தா அவன் ஒண்ணும் சொல்றதில்ல. செப்புக் காசை என் பக்கமா நகர்த்தி வைக்கிறான், அவ்வளவுதான்.

அதோ, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு மெதுவா நடந்து வர்றானே, அவன்தான். நம்மளைத்தான் பார்த்துட்டு வர்றான். சார், ஒரு உதவி. அவன் வந்ததும் நீங்க பாட்டுக்கு வணக்கம் சொல்லிட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுங்க. அவன்கிட்ட என்னைப் பத்தி எதுவும் கேட்காதீங்க. கேட்டா, நல்லதா நாலு வார்த்தை சொல்லிடுவான். அதைப் பக்கத்துல நின்னு கேட்க என்னால முடியாது.